அதே அளவு எழுத்தில் ஒரு திருத்தம்

இன்று காலை மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்தபோது உன் பட்டறையின் மண்ணெண்ணெய் வாசனை எழுந்தது. எத்தனையோ மழைக்காலம் கடந்தும் அந்தத் தாளை விட்டு அது போகவில்லை. மஞ்சள் தாள், மூலைகளில் பசை காய்ந்து மொரமொரப்பாக இருக்கிறது. அதன்மேல் இன்னொரு தாளை வைத்தேன். கருங்கல் சந்திப்பில் பத்திரிகைக் கடையின் முகப்பில் இன்று தொங்கிய நாளிதழ் போஸ்டர் அது. கடைக்காரர் கிளிப்பிலிருந்து உருவிச் சும்மாவே தந்தார். நாளைக்கு வேறு வரும் என்றார்.

புதிய தாளில் இப்படி அச்சிட்டிருக்கிறார்கள்: "உண்மையை எழுதியதற்குத் தண்டனையா? நம் ஆசிரியருக்கு அழைப்பாணை!" பழைய தாளில் என்ன இருக்கிறது என்பது உனக்குத் தெரியும். உன் கையால் நனைத்து நீ உரித்தெடுத்த தாள் அது.

வழக்கு நிலுவையில் இருப்பதால் உன் பெயரையோ ஊரின் பெயரையோ பத்திரிகையின் பெயரையோ இங்கே எழுதவில்லை. அதன் உரிமையாளர் எந்தக் கட்சிக்கு வேண்டியவர் என்பதையும் எழுதப்போவதில்லை. நிரூபிக்க வேண்டியதை நிரூபிக்கும் இடத்தில் சொல்வதே என் பழக்கம். ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மனுவில் நான் நீதி கேட்டிருக்கிறேன். உனக்கு எழுதும்போது அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒளிய வேண்டியதில்லை. எனக்கு வேண்டியது பழி.

நாகர்கோவில் கல்லூரியில் ஒரே வகுப்பில் படித்தோம். நான் சட்டத்துக்குப் போனேன். நீ மீன்பிடி வள்ளங்களின் இஞ்சின் பழுதுபார்க்கப் போனாய். உதிரிபாகம் வாங்கக் கருங்கலுக்கு வரும்போதெல்லாம் என் அலுவலகத்துக்கு எதிரேயுள்ள டீக்கடையில் உட்காருவோம். பக்கத்துக் கடையில் தொங்கும் போஸ்டர்களை வானொலிச் செய்தி வாசிப்பவரின் குரலில் நீ உரக்க வாசிப்பாய். பத்திரிகை வாங்க மாட்டாய். நான் வாங்கி, கடைசிப் பத்தி வரை வாசித்து, "எனக் கூறப்படுகிறது", "எனத் தெரிகிறது" என்பவற்றின் அடியில் கோடு போடுவேன். உனக்குச் சிரிப்பாக இருக்கும்.

"மிச்சத்த நீ வாசிச்சு எனக்குச் சொல்லு வக்கீலே. கெட்டவன் யாருன்னு போஸ்டர்லயே போட்டாச்சுல்லா."

ஆறு கடலில் சேரும் பொழிமுகத்தில் மணல் மூடி வள்ளங்கள் கவிழ்கின்றன. கடலுக்குள் கல் அடுக்கிக் கட்டிய தூண்டில் வளைவை இன்னும் நீட்டித் தர வேண்டும். உன் கோரிக்கை இவ்வளவுதான். முந்தைய ஆட்சியில் அந்தப் பத்திரிகை உன் படத்தைப் பெரிதாகப் போட்டு, "கடலோரத்தின் குரல்" என்று எழுதியது. நீலக் கட்டம் போட்ட சட்டையில் கையை உயர்த்திப் பேசிக்கொண்டிருந்தாய். நிருபர் உன் வீட்டில் மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டுப் போனார். பிறகு ஆட்சி மாறியது. உரிமையாளருக்கு வேண்டியவர்கள் நாற்காலியில் அமர்ந்தார்கள். உன் கோரிக்கையில் ஒரு சொல்லும் மாறவில்லை. அதைப் பற்றி எழுதுவது மட்டும் நின்றது.

அடுத்து வந்த ஆனி மாதக் கடலில் உன் தங்கையின் ஒரே மகன் போன வள்ளம் பொழிமுகத்தில் கவிழ்ந்தது. தேடிப்போன வள்ளத்தில் நீ இருந்தாய்; அவனை நீரிலிருந்து தூக்கியது உன் கை. பிரேதப் பரிசோதனை முடிந்து உடல் கிடைக்கும்வரை அரசு மருத்துவமனை வாசலிலேயே நின்றாய். உடலைச் சீக்கிரம் தரச் சொல்லி ஓர் அதிகாரியைத் தனியே அழைத்துப் பேசினாய். அதைப் பார்த்தவர்கள் உண்டு. அதே நேரத்தில் ஊரார் சாலையை மறித்திருந்தார்கள். உடல் வந்த வண்டியைச் சந்திப்பில் நிறுத்தி, ஆட்சியர் வரும்வரை எடுக்க விடமாட்டோம் என்றார்கள். நீ இறங்கிக் கைகூப்பினாய். அவனுடைய அம்மா காத்திருக்கிறாள், வழி விடுங்கள் என்று கேட்டாய். வழி விட்டார்கள். நடந்தது இது. இதற்குச் சாட்சிகள் என்னிடம் இருக்கிறார்கள்.

மறுநாள் போஸ்டரில் வந்தது: "பிணத்தை வைத்துப் பேரம்! எதிர்க்கட்சித் தரகர் அம்பலம்!" அடியில் உன் படம். உள்ளே செய்தியில் ஒவ்வொரு வாக்கியமும் "எனக் கூறப்படுகிறது" என்றே முடிந்தது. அவர்களுக்கும் சட்ட ஆலோசகர் இருக்கிறார். போஸ்டரில் அந்தச் சொற்களுக்கு இடமில்லை. பத்திரிகை வாங்காதவனும் போஸ்டரை வாசிப்பான். பேருந்திலிருந்து வாசிப்பான், மீன் வாங்கப் போகும் வழியில் வாசிப்பான். தேங்காய்ப்பட்டணத்திலிருந்து முட்டம் வரை ஒவ்வொரு கடையிலும் ஒரு பகல் முழுக்க நீ தரகனாகத் தொங்கினாய்.

ஒன்றை யாரோ கொண்டுபோய் உன் பட்டறையின் ஷட்டரில் ஒட்டினார்கள். முந்தின மாலை அடக்கம் முடிந்து, முதன்முதலாக வெளியே வந்த உன் தங்கை, கோயிலுக்குப் போகும் வழியில் அதன் முன் நின்றாள். அப்போதுதான் நீ வந்தாய். தெருவில் எல்லாரும் பார்க்க அவள் கேட்டாள்.

"அண்ணா, எனக்க மோனுக்கு நீ என்ன வெல கேட்ட?"

அன்று பிற்பகல் நீ என் அலுவலகத்துக்கு வந்தாய். சட்டைக்குள்ளிருந்து ஈரத் தாளை எடுத்து என் மேசையில் விரித்தாய். கிழித்துப் போட்டிருக்கலாமே என்றேன். அது எனக்கு வேண்டியிருக்கும் என்று உனக்குத் தோன்றியதாம். தண்ணீர் ஊற்றி ஊற்றி, ஓரத்திலிருந்து உரித்திருக்கிறாய். ஷட்டரின் பெயின்டும் சேர்ந்து வந்திருந்தது. பிறகு படத்தில் விரலை வைத்து, அந்த நிலையிலும் என்னைச் சிரிக்க வைத்தாய்.

"இந்தச் சட்ட எப்பமே கிழிஞ்சு இஞ்சின் தொடைக்க எடுத்தாச்சு மக்கா. செத்த சட்டயப் போட்டுக்கிட்டு நேத்து நான் எப்பிடிலே அங்க நின்னேன்?"

புகழ்வதற்கு எடுத்த படத்தையே இகழ்வதற்கும் போட்டிருந்தார்கள். புதிதாக எடுக்கக்கூட மெனக்கெடவில்லை. சிரித்து முடித்ததும் உன் குரல் தாழ்ந்தது. "இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். வாயே தொறக்கல்ல. அவ என்னப் பாக்கல்ல, அந்தப் போஸ்டரத்தான் பாத்தா."

அவளை நான் குறை சொல்லவில்லை. கடலையும் மணலையும் யாரும் சட்டையைப் பிடித்துக் கேட்க முடியாது. அவளுடைய துக்கத்துக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. பத்திரிகை உன் முகத்தை அச்சிட்டுக் கொடுத்தது. அதன் பிறகு அவள் உன்னிடம் பேசவே இல்லை.

மானநஷ்ட ஈடு கேட்டு வழக்குத் தொடுத்தோம். அந்தத் தாளைச் சான்றாவணமாகத் தாக்கல் செய்தேன். வாய்தா மேல் வாய்தா வாங்கினார்கள். உன்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றும் நாள் நெருங்கியபோது, இஞ்சின் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்த நீ அப்படியே சரிந்தாய். அந்தச் செய்திதான் உன்னைக் கொன்றது என்று நான் சொல்லமாட்டேன். மருத்துவர் மாரடைப்பு என்று எழுதினார். அதற்கு மேல் என்னிடம் ஆதாரம் இல்லை. ஆதாரமில்லாததை நம்பவும் எனக்கு உரிமை உண்டு. நம்புகிறேன்.

நில வழக்கு வாரிசுக்குப் போகும். கடன் வழக்கும் போகும். மானத்துக்கு வாரிசு கிடையாது. அவதூறுக்கு ஈடு கேட்கும் உரிமை கேட்டவனோடு போய்விடும். உன் இறப்புச் சான்றிதழின் நகலை என்னை முந்திக்கொண்டு வாங்கித் தாக்கல் செய்தவர் எதிர்த்தரப்பு வக்கீல். வழக்கு முடித்து வைக்கப்பட்டது. நீதிமன்ற வராந்தாவில் அவர் என் தோளைத் தட்டினார்.

"முடிஞ்சுது சார். இனி உங்க கட்சிக்காரர் அப்பீலை மேலயே பாத்துக்கட்டும்."

சான்றாவணத்தைத் திரும்பப் பெற மனுப் போட்டு, தாளை வாங்கி, இந்த இழுப்பறையில் வைத்தேன். அந்தப் பத்திரிகைக்கு அன்றே சந்தா கட்டினேன். காறித் துப்ப வேண்டிய பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்குவது ஏன் என்று என் மனைவி பலமுறை கேட்டாள். நான் காத்திருந்தேன். இறந்தவரைப் பற்றி அவதூறு சொல்வதும், அது அவருடைய உறவினரின் மனத்தைப் புண்படுத்தும் எண்ணத்தோடு சொல்லப்பட்டிருந்தால், குற்றமே என்று குற்றவியல் சட்டத்தில் ஒரு விளக்கம் இருக்கிறது. உரிமையியலில் உன்னோடு மாண்டுபோனது அங்கே உயிரோடிருக்கிறது. அவர்கள் இன்னும் ஒரே ஒரு முறை எழுதினால் போதும். எழுதுவார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. ஒரு பக்கம் சாய்ந்தவர்களுக்குத் தேர்தல் வந்தால் கை அரிக்கும்.

தேர்தல் வந்தது. "கடலோரத்தைக் கெடுத்தவர்கள்" என்றொரு தொடர் வந்தது. அதில் மறைந்த தரகராக நீ வந்தாய். பழைய பொய்யையே திரும்பப் போட்டால் விலைபோகாது என்று நினைத்தார்களோ என்னவோ, இம்முறை சற்றுப் பெருக்கினார்கள். பேரத்தில் கிடைத்ததில் பையனின் தாய்க்கும் பங்கு போனது என்று எழுதினார்கள்.

எனக்கு வேண்டியது கிடைத்தது. ஆனால் புகார் கொடுக்க ஓர் உறவினர் வேண்டும். உன் மனைவி மகளோடு குவைத்தில் இருக்கிறார். இங்கே இருப்பது உன் தங்கை. உன் அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தின் வாசலைத் தாண்டி உள்ளே வராதவள். நான் அவளைத் தேடிப் போகவில்லை. கட்சிக்காரரைத் தேடிப் போவது எங்கள் தொழிலுக்கு ஒழுங்கல்ல. அந்நாள் இரவுகளில் அந்த ஒழுங்கை எவ்வளவு வெறுத்தேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

அவளே வந்தாள். மீன் விற்ற கையோடு, காலி அலுமினியச் சருவத்தை வெளிப்படியில் வைத்துவிட்டு உள்ளே வந்து, யாரோ வாசித்துக் காட்டிய பத்திரிகையை என் முன் வைத்தாள்.

"வக்கீலண்ணே, இதுல எனக்கும் பங்கு கெடச்சதா எழுதியிருக்காவ. அது எங்க இருக்குன்னு கேக்க வந்தேன்."

நாற்காலியைக் காட்டினேன். அவள் உட்கார்ந்தாள்.

"எனக்கக் காரியம் பொய்யின்னு எனக்குத் தெரியும். அப்பம் அண்ணனுக்கதும் இப்பிடித்தான இருந்திருக்கும்?"

ஆம் என்றேன். மருத்துவமனை வாசலையும், சந்திப்பில் நீ கைகூப்பியதையும் சொன்னேன். சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். அழுது முடித்து அவள் கேட்டது ஒன்றுதான்: எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

உடனே போட விடவில்லை. கூண்டில் ஏற்றி மகனின் சாவைப் பற்றிக் குடைவார்கள், மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்குப் போய்த் தடை வாங்கப் பார்ப்பார்கள், வருடங்கள் ஆகலாம், தோற்கவும் கூடும் என்று எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன்.

"எத்தன வருசம் ஆனாலும் வாறேன். எழுதினவன் ஒருக்கா எனக்க முன்ன வந்து நிக்கணும். அவன் தல குனியுதத நான் பாக்கணும்."

நான் மனுவில் எழுதாத வேண்டுதல் அவள் வாயிலிருந்து வந்தது.

புகார் ஏற்கப்பட்டு ஆசிரியருக்கு அழைப்பாணை போனதும் அதே எதிர்த்தரப்பு வக்கீல் தொலைபேசியில் வந்தார். குரலில் பழைய துள்ளல் இல்லை. உள்பக்கத்தில் சிறிய அளவில் வருத்தம் தெரிவிக்கத் தயார் என்றார். கட்சிக்காரரிடம் கேட்டுச் சொல்வது என் கடமை, கேட்டேன். அவள் ஒரே கேள்வி கேட்டாள்: "போஸ்டர்ல போடுவாவளா?" அதை அப்படியே அவரிடம் சொன்னேன். போஸ்டரில் எவன் சார் திருத்தம் போடுவான் என்று சிரித்தார். அதைத் தவிர வேறு எதற்கும் இறங்கி வருவதாக இல்லை என்றேன். எல்லாக் கடையிலும், ஒரு பகல் முழுக்க, அதே அளவு எழுத்தில்.

ஆசிரியர் நேரில் வருவதிலிருந்து விலக்குக் கேட்டார்கள். முதல் முறை வந்தாக வேண்டும் என்று நீதிபதி சொல்லிவிட்டார். அந்த ஆத்திரம்தான் இன்றைய போஸ்டர். ஆசிரியர் வரும் காட்சியை நான் இப்போதே பலமுறை பார்த்துவிட்டேன். குளிரூட்டிய காரிலிருந்து அவர் இறங்குவார். குடித்துவிட்டு வண்டி ஓட்டியவர்களுக்கும் மணல் அள்ளியவர்களுக்கும் நடுவே காத்திருப்பார். டவாலி வாசலில் நின்று அவருடைய பெயரைக் கூவுவார். முன்னால் ஓர் அடைமொழியும் இருக்காது. தலையங்கம் எழுதும் கையைக் கட்டிக்கொண்டு அவர் கூண்டில் ஏறும்போது, உன் தங்கை முதல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். நான் இந்த மஞ்சள் தாளை எடுத்து மேசையில் விரிப்பேன். மண்ணெண்ணெய் வாசனை அவர் நிற்கும் இடம்வரை போகட்டும்.

தீர்ப்பு என்னவாகும் என்று எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்லும் வழக்கம் எனக்கில்லை. ஆனால் போஸ்டரில் என்ன வர வேண்டும் என்பதை எழுதி வைத்துவிட்டேன். சின்ன வாசகம். அதில் உன் பெயர் இருக்கிறது. "எனக் கூறப்படுகிறது" என்பது இல்லை.

உன் பட்டறை பூட்டிக் கிடக்கிறது. ஷட்டரில் நீ உரித்த இடத்தில் பெயின்டு போய், தகரம் ஒரு கட்டமாகத் தெரிகிறது. சென்ற மாதம் உன் மனைவி குவைத்திலிருந்து பேசி, ஆள் வைத்துப் பெயின்டு அடிக்கச் சொன்னபோது, அந்த இடத்தைத் தொடக் கூடாது என்று உன் தங்கை தடுத்துவிட்டாள். நான் நேரில் போய் அதை அளந்து வந்தேன். போஸ்டரின் அளவுக்கு அது சரியாக இருக்கிறது. ஒட்டும் நாளில் அவள் ஒட்டட்டும். பசை வாளியை நான் பிடித்துக்கொள்கிறேன்.