இருபது நூல்

கோயம்புத்தூர்
3-6-1976

அன்புள்ள தம்பி கருணாகரனுக்கு,

ஊசிக்கும் பழைய மாத்திரைகளுக்கும் உன் காசநோய்க் கிருமி அடங்கவில்லை. இனி எத்தாம்பூட்டால் என்ற மாத்திரைதான் மீதி. அது பூஞ்சையிலிருந்து எடுத்த மருந்தல்ல, ஆய்வுக்கூடத்தில் செய்தது. கிருமியைப் பெருகவிடாமல் நிறுத்தும். வேதியியல் பாடம் நடத்துகிறவள் நான், மற்றதையும் மறைக்க முடியாது: சிலருக்கு அது கண் நரம்பைக் கெடுக்கும். முதலில் சிவப்பும் பச்சையும் குழம்பும்.

பத்துச் சிவப்பு நூல், பத்துப் பச்சை நூல் கலந்து இந்த உறையில் வைத்திருக்கிறேன். ஒரு மாதம் மாத்திரை சாப்பிட்டபின் நிறம் பார்த்துப் பிரித்து, தனித்தனியாகக் கட்டி அனுப்பு. தவறினால் அன்றே மாத்திரையை நிறுத்த வேண்டும்.

அக்கா,
அம்சவேணி

மஞ்சூர்
10-7-1976

அன்புள்ள அக்காவுக்கு,

நூலை அனுப்பியிருக்கிறேன். எங்கள் தேயிலை பேக்டரி மாரிச்சாமி பார்த்துவிட்டு, "ஏனுங்க டீமேக்கரு, ரிட்டையராயி பூப்போட்டுத் தைக்கப் போறீங்களா?" என்றான். அவனும் கூட உட்கார்ந்து பிரித்தான்.

புளிக்கப் போட்ட தேயிலை செம்பு நிறத்துக்கு வந்துவிட்டதா என்று இப்போதெல்லாம் மோந்துதான் பார்க்கிறேன். மூக்கு போதும். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

தம்பி,
கருணாகரன்

கோயம்புத்தூர்
21-7-1976

அன்புள்ள தம்பிக்கு,

மாரிச்சாமி பிரித்தால் அது உன் கண்ணுக்குச் சோதனை ஆகாது. நிறம் பார்க்க வேண்டிய டீமேக்கர் மூக்கை நம்புவதும் எனக்குப் பிடிக்கவில்லை. வேறு இருபது நூல் வைத்திருக்கிறேன். நீ மட்டும் பிரி. யாரிடமும் காட்டாதே. கோபித்துக்கொள்ளாதே.

அக்கா

மஞ்சூர்
2-8-1976

அன்புள்ள அக்காவுக்கு,

உங்களுக்குச் சந்தேகம் தீரவே தீராதா? கதவைச் சாத்திக்கொண்டு நானே பிரித்தேன். இதோ பத்துச் சிவப்பு, பத்துப் பச்சை.

நல்ல சேதி ஒன்று. இந்த மாதம் சளியில் கிருமி இல்லையாம். இரண்டு வருஷத்தில் முதல் தடவை. என் வீட்டுக்காரி பாப்பம்மாள் அழுதேவிட்டாள். பெரிய டீமேக்கர் வேலைக்கும் என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள்.

தம்பி

கோயம்புத்தூர்
9-8-1976

கருணாகரா,

நான் அனுப்பியது இருபதும் பச்சை.

பிரித்த இரண்டு கட்டையும் மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முடிச்சு எவ்வளவு ஒழுங்காகப் போட்டிருக்கிறாய்.

அன்றே நிறுத்து என்று எழுதியவள் நான்தான். நிறுத்தினால் பார்வை திரும்பலாம். கிருமியும் திரும்பும், அதன்பின் கொடுக்க வேறு மருந்து இல்லை. உனக்கும் இது தெரியும். அதனால்தான் பத்துப் பத்தாகக் கட்டினாய்.

வெள்ளிக்கிழமை மஞ்சூர் பஸ்ஸில் வருகிறேன். அடுத்த மாதத்து மாத்திரையும் கொண்டுவருகிறேன். என்ன நிறப் புடவை கட்டியிருக்கிறேன் என்று கேட்க மாட்டேன்.

அக்கா