கவாயி என்று எழுதிய பானை

யானைத் தீவில் இருக்கும் என் மனைவி அஷாயித்துக்கு, தெற்கு எல்லையில் ஆற்றின் இரண்டாம் அருவிக் கோட்டையிலிருந்து எழுத்தர் செனெபி எழுதுவது. க்னூம் சாமி உன்னைத் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும்.

தானியப் படகு வந்து சேர்ந்தது. காற்று ஓயவில்லை, ரொட்டியோடு மணலையும் தின்கிறோம். நீ அனுப்பிய செருப்பு கொஞ்சம் பெரிது. போட்டுக்கொள்கிறேன்.

அமாவாசையன்று சிவப்புப் பானை உடைக்கும் சடங்கு நடந்தது. படை தெற்கே போகுமுன் செய்வதுதான்; பானை உடைந்தால் அதில் பெயர் உள்ளவனும் அழிவான் என்பது நம்பிக்கை. தளபதி பகைவர் பெயர்களைச் சொல்லச் சொல்ல, பானைகளின் வயிற்றில் நான் மையால் எழுதினேன். நடுவில் ஒரு பெயர்: தெஹா பெற்ற கவாயி. தாயின் பெயரும் சேர்ந்து வந்ததால் வேறு ஆளாக இருக்க வழியில்லை. உன் அண்ணன்தான். ஏன் என்று எழுத்தர் கேட்பதில்லை. என் கை நின்றதைப் பார்த்து, "என்னய்யா, மை தீந்துபோச்சா?" என்றார் தளபதி. எழுதினேன். உடைத்தார்கள். ஆற்றில் வெள்ளம் வந்ததும் படை நீ பிறந்த ஊருக்குக் கிளம்பும்.

சில நாளில் அவனே ஆடு விற்க வந்தான். வாசலில் கிடந்த சிவப்பு ஓடுகளைக் காலால் தள்ளி, "என்ன மச்சான், இத்தனை பானை உடைஞ்சு கெடக்கு? உங்க ஆளுங்க குடிச்சுட்டு ஆடினாங்களா?" என்று சிரித்தான். பக்கத்தில் காவலன்.

"ஆமா மச்சான், அளவு தெரியாத கூட்டம்" என்றேன். பிறகு, "உன் தங்கச்சி படுத்த படுக்கையா கெடக்கா. எல்லாரையும் பாக்கணும்னு அழுவுறாளாம்" என்றேன்.

அவன் முகம் வாடிவிட்டது. கேட்ட விலைக்கு ஆடுகளைத் தள்ளிவிட்டு ஓடினான். அம்மா, மனைவி, பிள்ளைகளோடு திரும்பி வந்தான். வடக்கே போக அனுமதிச் சீட்டு நானே எழுதினேன், வேறு பெயரில். அவன் ஊரில் மற்றவர்களுக்கு என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை.

நாளை அவர்கள் படகேறுவார்கள். இந்தக் கடிதம் இன்றே தூதுப் படகில் போகிறது. படித்ததும் மையைக் கழுவிவிடு.

அவர்கள் வரும்போது கட்டிலில் இரு. உன் அம்மா கஷாயம் தருவாள், கசந்தாலும் குடி. ஊருக்குக் கிளம்புகிறேன் என்று அண்ணன் எழுந்தால், அன்றைக்கு உனக்கு இன்னும் முடியாமல் போகட்டும். படை திரும்பி வரும்வரை நீ குணமாகவே கூடாது, அஷாயித். தெய்வங்கள் உன்னை அப்படியே படுக்கையில் வைத்திருக்கட்டும்.

உன் கணவன்,
செனெபி