சாமி பேருக்கு ஓர் அர்ச்சனை

நர்சம்மாவுக்கு,

இன்று காலை சன்னிதியில் இருந்தவர்கள்: நான், என் சின்னவள், குருக்கள், வாசலில் பூக்காரி பச்சையம்மா. வேறு யாரும் இல்லை. கற்பூர வாசனையோடு குருக்கள் வழக்கம்போல், "யார் பேருக்கும்மா?" என்றார். நானும் வழக்கம்போல், "சாமி பேருக்கே பண்ணிடுங்க" என்றேன்.

வெளியே வந்ததும் பச்சையம்மா பிடித்துக்கொண்டாள். "இன்னாம்மா, எப்பவும் சாமிக்கேதான் அர்ச்சனை பண்ணிக்கினு கீறீங்க? வூட்டுக்காரரு பேரைச் சொல்ல அவ்ளோ வெக்கமா? என்கிட்ட சொல்லுங்க, நான் போய் ஜல்தியா சொல்லிட்டு வர்றேன்!"

சிரித்துவிட்டு வந்தேன். அவளுக்கு உங்களைத் தெரியாது.

விழுப்புரத்துக்கு நாங்கள் மாற்றலாகி வந்தது நீங்கள் காலமான பிறகு. உங்களை அறிந்ததெல்லாம் திண்டிவனத்தில்தான். ஆஸ்பத்திரியில் இந்தச் சின்னவளைத் துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தபோது, "என் அக்கா பொண்ணு மூக்கு இதேதான்" என்றீர்கள். யூதர் என்பதற்காக ஜெர்மனியிலிருந்து துரத்தப்பட்டு நீங்கள் இங்கே கப்பலேறி வந்ததும், அக்காவும் மகளும் ஜெர்மன் பட்டாளத்துக்குப் பயந்து ஹாலந்தில் ஒரு குடியானவர் வீட்டுப் பரண்மேல் ஒளிந்திருப்பதும் அப்புறம்தான் தெரிந்தது. பகலில் இருமக்கூடக் கூடாதாம். சுவிட்சர்லாந்துச் சிநேகிதி ஒருத்தி எழுதிய அந்தச் சேதிக்குப் பிறகு வேறு சேதியே இல்லை.

என்னால் ஆனது ஒன்றுதான், உங்கள் அக்கா குழந்தை பேருக்கு ஓர் அர்ச்சனை. அந்தக் குழந்தை பிறந்த நாளைக் கேட்டு, பழைய பஞ்சாங்கத்தைத் தேடிப் பிடித்துக் கணக்குப் போட்டு, நட்சத்திரம் உத்திரட்டாதி என்று கண்டுபிடித்தேன். மயிலம் மலைக்கு உங்களையும் அழைத்துப் போனேன். "என் சாமிக்கு உருவம் இல்லை. நீ கேளு, நான் வேணாம்னு சொல்லமாட்டேன்" என்று படிக்கட்டிலேயே நின்றுவிட்டீர்கள். மறந்துபோகக் கூடாதே என்று குழந்தை பேரை ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்த்தேன். ஓடிவந்து என் வாயைப் பொத்தினீர்கள். 

"பேர் சொல்லாதே!"

"இங்க யாருங்க கேக்கப் போறாங்க? ஆடு மேய்க்கிறவங்கதான் கீறாங்க."

"அங்கயும் அப்படித்தான் நெனச்சோம். எங்க அப்பாவைக் காட்டிக்கொடுத்தது பக்கத்து வீட்டுக்காரன்."

அன்றிலிருந்துதான் சாமி பேருக்கு. யாருக்கென்று அவருக்குத் தெரியும்.

ஜெர்மன் சண்டை முடிந்தது. தபால்காரரைக் கண்டால் ஆஸ்பத்திரி வாசலுக்கு வருவீர்கள், வெறுங்கையோடு திரும்புவீர்கள். பக்கத்தில் நிற்பதைத் தவிர எனக்கு ஒன்றும் செய்யத் தெரியவில்லை. சேதி வருமுன்னே விஷஜுரம் உங்களைக் கொண்டுபோயிற்று.

இனியாவது பேரைச் சொல்லலாமா என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன். "உயிரோட இருக்கிறவங்களுக்குத்தான் அர்ச்சனை. போயிட்டவங்கன்னா மோட்ச தீபம். தெரியாம எதையும் பண்ணி வைக்காதே" என்றார். அவர் சொல்வது சரிதான். குழந்தை உயிரோடு இருக்கிறதா என்று யாரைப் போய்க் கேட்பேன்?

பேரும் நட்சத்திரமும் என் நாக்கிலேயே நிற்கின்றன. நீங்கள் இப்போது இருக்கிற இடத்தில் அந்தக் குழந்தை உங்களோடு இருக்கிறதா? இருந்தால் மோட்ச தீபம் ஏற்றிவிடுகிறேன். இல்லையென்றால் அடுத்த வெள்ளிக்கிழமை குருக்கள் கேட்கும்போது, அந்தப் பேரைச் சன்னிதி முழுக்கக் கேட்கும்படி சொல்வேன்.

கனவிலாவது வந்து சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.