எதிர்ப்பக்கம் சுற்றிய மோட்டார்

11.11.08, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. ஷெட்டில் ஒரே ஒரு ஜெனரேட்டர் மிச்சம். மற்றதெல்லாம் வாடகைக்கு, சிவகாசி அச்சகங்களில். காலண்டர் சீசன், கரண்ட் கட்டு வேறு.

பத்து மணிக்கு போன். ஆமத்தூர் தாண்டி இருக்கிற சுண்ணாம்புக்கல் குவாரி மேனேஜர் தர்மராஜ். இடி விழுந்து டிரான்ஸ்பார்மர் போச்சாம். குழியில் தண்ணீர் ஏறுகிறதாம், மெஷினெல்லாம் உள்ளேயாம். வாய்க்கு வாய் அண்ணே என்கிறான். போன வருடம் இதே குவாரிக்கு ஜெனரேட்டர் விட்டபோது நான் அண்ணன் இல்லை, டீசல் திருடன். நாற்பது பேர் முன்னால் என் டிபன் கேரியரைத் திறந்து மோந்து பார்த்தானே பாவி! பேரல் ஓட்டை என்று இரண்டே நாளில் தெரிந்தது. ஒரு வார்த்தை வருத்தம் சொன்னானா?

வருகிறேன் என்றேன்.

எடுக்க: டீசல், கேபிள் 50 மீ., கட்டிங் பிளேயர். லட்சுமிக்கு இருமல் மருந்து.

12.11.08, புதன்

குவாரியில் ஜெனரேட்டர் செட் இறக்கியாச்சு. குழித் தண்ணீரை இறைக்கும் மோட்டாருக்குப் போகும் மூன்று வயரில் இரண்டை இடம் மாற்றி முடுக்கினேன். அவ்வளவுதான். மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். சத்தம் அதேதான், தண்ணீர் மட்டும் ஏறாது.

தண்ணீருக்குள் குழாய் நுனியில் இருக்கும் புட்வால்வு அடைப்பு என்று தர்மராஜே முடிவு கட்டினான். குழிக்குள் இறங்க ஆட்கள் மாட்டேன் என்றுவிட்டார்கள். அவனே இறங்கினான், கழுத்தளவுத் தண்ணீரில். இரண்டு தடவை. நடுங்கினான். நான் கேபினில் டீ, இரண்டு வடை. நல்ல வடை.

வீட்டில் லட்சுமி: "என்னங்க, தனியா சிரிக்கீக?"

13.11.08, வியாழன்

மழை விடவில்லை. ஜேசிபி பாதி முங்கிவிட்டது. மூன்றாம் தடவை இறங்கினான். கால் வழுக்கியது. தலை காணோம், ஒரு கை மட்டும். சாகட்டும் என்றா நினைத்தேன்? கயிறு போட்டு இழுத்தார்கள். நெற்றியில் ரத்தம்.

ஓடிப்போய் செட்டை நிறுத்தி, வயரைச் சரியாக மாட்டி, திரும்ப ஓட்டினேன். தண்ணீர் பீய்ச்சி அடித்தது. நான்தான் ரிப்பேர் பார்த்தேன் என்று எல்லோருக்கும் நினைப்பு. அத்தனை பேர் முன்னாலும் தர்மராஜ் கும்பிட்டான்.

"அண்ணே, அன்னைக்கு உங்களத் திருடன்னு சொல்லிட்டேன். மன்னிச்சிருங்க."

ஒரு வருடமாக நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை. பிளேயரைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். சோறு இறங்கவில்லை. ஒன்றும் செய்யாதபோது திருடன் என்றான், கொல்லப் பார்த்தபோது கும்பிடுகிறான். இதற்கும் சேர்த்து அவனை மன்னிக்கப்போவதில்லை.