கல் வளைவுக்குள் ஒரு சாய்வுப் பாதை

ரூஜ்,
சனிக்கிழமை.

பிடிவாதக்காரி கஜனிக்கு,

உன் கூட்டாளி ஸ்டெபனி எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். நீயும் சுகம் என்று உன் அம்மா சொன்னார். போனை எடுக்கமாட்டாய், மெசேஜுக்குப் பெருவிரல் படம் மட்டும் போடுவாய். கடிதத்தை என்ன செய்வாய்? பிரிக்காமல் வைத்திருக்க உனக்குப் பொறுமை காணாது. எனக்குத் தெரியாதா உன்னை!

முதலில் வெற்றிச் செய்தி. பள்ளிக்கூடம் விட்டதும் நாங்கள் போய்க் குந்தியிருந்து படித்த நூலகம் இருக்கிறதல்லவா, அதன் வாசலைத் திருத்தும் வேலை எங்கள் அலுவலகத்துக்குக் கிடைத்தது. வரைந்தது நான். நேற்று பழைய கட்டடங்களைக் காக்கும் கமிட்டி ஓம் சொல்லிவிட்டது.

சும்மா ஓம் சொல்லவில்லை, எடி. அந்த நூலகம் 1930களில் கட்டியது. முகப்பைப் பார்த்தால் பழைய மாதா கோயில் மாதிரி, கூரான கல் வளைவும் செதுக்கிய இலைகளும். உள்ளே போனால் தட்டையான கொங்கிரீட் கூரை, மெல்லிய இரும்புச் சட்டம் போட்ட பெரிய ஜன்னல்கள், ஒரு பூ வேலையும் கிடையாது. முகப்பில் கை வைக்கக்கூடாது, சக்கர நாற்காலிக்கான சாய்வுப் பாதையைப் பின்னால் குப்பைத்தொட்டிப் பக்கம் போடுங்கள் என்றது கமிட்டி. என் மேலாளர் ஜெனாட் அக்காவும், "உவையோட மினக்கெடாத, பின்னுக்கே போட்டிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பம்" என்றார். எனக்கு வந்ததே கோபம்! இதைக் கட்டியவர் பழசையும் புதுசையும் ஒரே கூரையின் கீழ் சண்டையில்லாமல் குடிவைத்தார், அவருக்கு இல்லாத பயம் எங்களுக்கு ஏன் என்று கேட்டேன். நான் வரைந்தது இது: படிகளை எடுத்துவிட்டு, தெருவிலிருந்து வளைவு வரைக்கும் அதே நிறக் கல்லில் அகலமான சாய்வு. பக்கத்தில் அந்த ஜன்னல் சட்டம் போலவே மெல்லிய இரும்புக் கைபிடி. எல்லாருக்கும் ஒரே வழி.

பலகையில் மாதிரி செய்து, இரவல் வாங்கிய சக்கர நாற்காலியில் நானே ஏறிக் காட்டினேன். பாதியில் கை ஓய்ந்து, பின்னால் உருண்டு, ஜெனாட் அக்காவின் காலில் போய் முட்டினேன். சிரி, நல்லாய்ச் சிரி. சட்டப்படி சரியான சாய்வுதான், என் கைக்குத்தான் சரியில்லை. பாதையை இன்னும் நீட்டி, நடுவில் இளைப்பாறச் சமதளம் வைத்தேன்; அதற்குத்தான் கமிட்டி ஓம் சொன்னது. விபத்துக்குப் பிறகு நீ படும் பாடு அன்றைக்குத்தான் என் தோளுக்குத் தெரிந்தது.

எங்கள் புதுவீட்டுக் குடிபூரலை நான் மறக்கவில்லை. வாசல்படி ஏற வழியில்லாமல் உன்னைக் கராஜ் வழியாகக் கொண்டுவந்தோம். பக்கத்து வீட்டு வேரோனிக்கா அன்ரி பழக்கதோஷத்தில், "வாங்கோ பிள்ளை, வலது காலை எடுத்து வைச்சு வாங்கோ" என்றுவிட்டார். நீதான் முதலில் சிரித்தாய். அதற்குப் பிறகு உன் ஊர் ஸ்ரௌவ்வில், அதை விட்டு நீ அசையவேயில்லை. அன்ரி உன் பெயரைக் கேட்டாலே இன்றைக்கும் அழுகிறார்.

ஐப்பசியில் திறப்பு விழா. நாடா வெட்ட யார் யாரோ வருவார்களாம், வரட்டும். அவர்களுக்கு முன்னால் அந்த வளைவுக்குள் நீ போகவேண்டும். நான் வாசலில் நிற்பேன், ஆனால் தள்ளமாட்டேன். உன் கையாலேயே ஏறலாம். எங்கள் ஜன்னலோர மேசை அங்கேயேதான் இருக்கிறது. அதில் தனியே குந்தியிருக்க எனக்குப் பிடிக்கவில்லை, கஜனி.

என் மாதாவும் உன் பிள்ளையாரும் கூட வருவார்கள். வலது சக்கரமோ இடது சக்கரமோ, எதையாவது முதலில் வை. முன்வாசலால் வா.

உன்
ஸ்டெபி