வசனமில்லாத வேஷம்

அன்புள்ளவளுக்கு,

செல்லில் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். பனியன் கம்பெனியில் ஷிப்மென்ட் நெருக்கடி, கிறிஸ்மஸுக்கு மட்டும்தான் லீவு. வேலை முடிந்து வந்தால் வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. வாசலில் ஸ்டார் கட்டினேன், அவிழ்த்தேன், மறுபடியும் கட்டினேன். "ஏனுங்க, அவங்க இன்னும் வரலீங்களா?" என்று வீட்டுக்காரம்மா தினமும் கேட்கிறார். செத்துப்போன உன் தங்கையின் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு நீ மூலனூர் போய்விட்டதை எப்படிச் சொல்வது? "தகப்பன் யாருன்னு தெரியாத பிள்ளை நமக்கு எதுக்கு" என்று நான் கேட்டதை?

கோவில் கிறிஸ்மஸ் நாடகத்தில் எனக்கு மாதாவின் புருஷன் சூசையப்பர் வேஷமாம். என்ன வசனம் என்று உபதேசியாரிடம் கேட்டேன்.

"அவருக்கு வசனமே கெடையாது. பைபிள்ல அவர் ஒரு வார்த்தை பேசல. பிள்ளைய ஏந்திக்கிட்டு நின்னாப் போதும்."

ஒத்திகையில் பனியன் வேஸ்ட்டைக் குழந்தை மாதிரி சுருட்டிக் கையில் கொடுத்தார்கள். கனமே இல்லை. ஆனாலும் என்னால் நிற்க முடியவில்லை.

வந்து பைபிளைப் புரட்டினேன். தன் பிள்ளை இல்லை என்று தெரிந்த அந்த மனுஷனிடம்தான், பிள்ளைக்குப் பெயர் வைக்கச் சொல்கிறார் தேவதூதர்.

கிறிஸ்மஸ் அன்று முதல் பஸ்ஸில் வருகிறேன். அதுவரை பெயர் வைத்துவிடாதே.

இப்படிக்கு,
பையனின் அப்பா