பின்மூடியில் ஒரு மீன்

டிசம்பர் 12

அன்புள்ள வக்கீலுக்கு,

நலம். அப்படித்தானே எழுத வேண்டும், எழுதிவிட்டேன். கிளினிக்கைத் திறந்தாயிற்று. காலையில் நாலு பேர், மாலையில் நாலு பேர். பல்லைக் காட்டிக்கொண்டு படுத்திருப்பவர்களால் துக்கம் விசாரிக்க முடியாது என்பதால் அங்கே கொஞ்சம் நிம்மதியாக இருக்கிறது.

ஜனவரி ஒன்று முதல் வாட்ச் என் முறை. ஆறு மாதம் உனக்கு, ஆறு மாதம் எனக்கு, நீயே எழுதிய ஒப்பந்தம். முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் இரண்டு பேர் சேர்ந்து ஒரே ஒரு ஸ்விஸ் வாட்ச் வாங்கிய பைத்தியங்கள் நம்மைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். உனக்கு அதற்கப்புறம் பெட்டி நிறைய சேர்ந்துவிட்டது. எனக்கு அது ஒன்றுதான்.

இந்த முறை தேதி தள்ளாதே. பின்மூடியில் பாப்பா காம்பஸ் முள்ளால் கீறிய மீனை நான் பார்க்க வேண்டும். அப்போது அவளுக்கு எட்டு வயது. நான் அறைந்தேன். பாலிஷ் போட்டு அழித்துவிடலாம் என்று மறுநாளே கிளம்பினேன். நீதான் வாசலில் மறித்தாய். "பாலிஷ் போட்டா மேல் உலோகத்தையே சீவி எடுத்துடுவாங்கடா, விளிம்பெல்லாம் மழுங்கிடும். பிள்ளை போட்டது போட்டபடி இருக்கட்டும்" என்றாய். அன்று உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். இன்று கும்பிடுகிறேன்.

காய்ச்சல் என்று படுத்தாள், ஒன்பதே நாளில் போய்விட்டாள். மூன்று மாதம் ஆகிறது. இருபத்திரண்டு வயது ஒரு வயதா? நோட்டு நோட்டாக அவள் கையெழுத்து வீட்டில் இருக்கிறது, ஆனால் எல்லாம் பரீட்சைக்கு எழுதியது. அந்த மீன்தான் அவளாகப் பிரியப்பட்டுப் போட்டது. "அண்ணா அனுப்பிட்டாராங்க?" என்று பெற்றவளும், உன் தங்கச்சிதான், தினம் கேட்கிறாள்.

உன்
பல்லு


டிசம்பர் 19

என் அருமைப் பல்லு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்குக் கோர்ட்டுக்கே போகவில்லை. ஜூனியரை அனுப்பிவிட்டேன்.

வாட்ச் சர்வீசில் இருக்கிறது. தினம் நாலு நிமிஷம் பின்தங்கியது. உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கும். உன் கைக்கு வரும்போது ஒழுங்காக ஓடட்டும் என்று கம்பெனி சர்வீசிலேயே கொடுத்தேன். இருபத்தெட்டாம் தேதி தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், மறுநாளே கூரியரில் போட்டுவிடுவேன். என் பெட்டியில் பதினோரு வாட்ச் இருந்தும் காலையில் சாவி கொடுக்கக் கை அதைத்தான் தேடுகிறது. நீ வேளைக்குச் சாப்பிடு. தங்கச்சியையும் சாப்பிட வை.

என்றும் உன்
வக்கீல்


ஜனவரி 6

அன்புள்ள வக்கீலுக்கு,

தேதி ஆறு. வாட்சும் இல்லை, வாட்சைப் பற்றி ஒரு வரியும் இல்லை. வக்கீல் வாய்தா வாங்குவான் சரி, சிநேகிதனிடமுமா?

உன் தங்கச்சி ஒரு லென்ஸ் வாங்கி வைத்திருக்கிறாள். மீனுக்குப் பாப்பா கண் வைத்தாளா இல்லையா என்று எங்களுக்குள் சண்டை. வைத்தாள் என்கிறேன் நான். வாலும் செதிலும் மட்டும்தான் என்கிறாள் அவள். ரொம்ப நாளைக்குப் பிறகு இந்த வீட்டில் நடக்கும் சண்டை, அதனால் எனக்குப் பிடித்திருக்கிறது. வந்து சேர்ந்தால் தெரிந்துவிடும். சீக்கிரம் அனுப்பு.

உன்
பல்லு


ஜனவரி 10

பல்லு,

வாட்ச் இருபத்தெட்டாம் தேதியே வந்துவிட்டது. பதிமூன்று நாளாக உன்னிடம் மறைத்தேன்.

மீன் இல்லை. பாலிஷ் போட்டுவிட்டார்கள்.

அவர்கள் மேல் தப்பில்லை. உன் வீட்டிலிருந்து துக்கம் கேட்டுத் திரும்பிய வாரம்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். "எல்லாமே பண்ணிடலாமா சார்?" என்று கவுன்ட்டரில் ஒரு பெண் கேட்டாள். "என் ஃப்ரெண்டுக்குப் போகுதும்மா, அவன் மனசு சரியில்லை, நல்லா பண்ணிக் குடுங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். பாலிஷ் வேண்டாம் என்றால் டிக் போடவும் என்று படிவத்தின் அடியில் ஒரு கட்டம் இருந்திருக்கிறது. ஊரார் பத்திரத்தையெல்லாம் புள்ளி விடாமல் படிக்கிறவன், இதைப் படிக்கவில்லை. பழைய வாட்சுக்குப் பாலிஷ் போடுகிறவனைக் கொலைகாரன் என்று ஊரெல்லாம் திட்டினவன் நான். கண்ணாடியும் போட்டிருந்தேன். சாக்குச் சொல்ல எதுவும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு காம்பஸ் வாங்கினேன். நானே ஒரு மீனைக் கீறி உனக்கு அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்தேன். செருப்பால் அடிக்க வேண்டிய நினைப்பு. முள்ளை வைத்த பிறகுதான், அதற்குக் கண் இருந்ததா இல்லையா என்று எனக்கும் நினைவில்லை என்று தெரிந்தது. கீறாமல் காம்பஸைக் கீழே வைத்துவிட்டேன்.

என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லு. சொல்லாமல் மட்டும் இருந்துவிடாதே.

வக்கீல்


ஜனவரி 18

வக்கீலுக்கு,

உன் கடிதம் கிளினிக்குக்கு வந்தது. வாயில் பஞ்சு வைத்து ஒருவரை உட்கார வைத்திருந்தேன். படித்துவிட்டு அவர் பல்லைப் பிடுங்கினேன். அவர் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

நீ வேண்டுமென்று செய்யவில்லை. தெரியும். ஆனாலும் கோபமாக இருக்கிறது, வேறு யார் மேல் நான் கோபப்படுவது?

அன்றைக்கு அறை வாங்கிக்கொண்டு, "இது போயிடுமாப்பா?" என்று கேட்டாள். "சாகிற வரைக்கும் போகாதுடி" என்று கத்தினேன். அந்த மீன் மேல் விரலை வைத்துக்கொண்டு அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இருந்தேன். போட்டோவைப் பார்த்துக் கேட்க வரவில்லை.

உன் தங்கச்சியிடம், கூரியரில் வாட்ச் தொலைந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். அழித்துவிட்டார்கள் என்று சொல்ல நாக்கு எழவில்லை. அவள் கேட்டால் நீயும் அதையே சொல். எனக்காக இந்த ஒரு பொய்.

வாட்சை நீயே வைத்துக்கொள். ஒப்பந்தத்தைக் கிழித்துப் போட்டுவிடு. அதைக் கட்டிக்கொண்டு நீ இந்த வீட்டுக்கு வர முடியாது. கட்டாமலும் இப்போதைக்கு வர வேண்டாம். எப்போது வரலாம் என்று நானே எழுதுகிறேன்.

பல்லு


மார்ச் 2

அன்புள்ள பல்லு,

நீ எழுதும் வரை எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். இதை உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பதில் போட வேண்டாம்.

நேற்று தங்கச்சி போன் செய்தாள். குரலைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டேன். நன்றாகத் திட்டட்டும் என்று காத்திருந்தேன். அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள்.

"நீங்க எதுக்குண்ணா எங்க வீட்டுப் பக்கமே வராம இருக்கீங்க? தொலைஞ்சதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? தொலைஞ்சதுதானே, அழிஞ்சா போச்சு? அவ்வளவு நல்ல வாட்சை எடுத்தவன் கட்டாமலா இருப்பான்? பாப்பா போட்ட மீன் யாரோ ஒருத்தர் கையில ஒட்டிக்கிட்டு ஊரெல்லாம் சுத்திக்கிட்டு இருக்கும். அப்படி நினைச்சுக்கிட்டுத்தான் நான் தினம் எழுந்திருக்கேன்" என்றாள்.

பிறகு அவளே கேட்டாள். "இருக்கும்தானேண்ணா?"

நீ கேட்டுக்கொண்டபடியே செய்தேன். "இருக்கும்மா" என்றேன்.

வக்கீல்